தொடை எலும்பு முறிந்தால்: வராந்தாவில் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

எலும்பு முறிவு வார்டில் காலை ரவுண்ட்ஸ் முடிந்து கிளம்பும்போது யாராவது ஒருவர் பின்னாலேயே வருவார். நோயாளியின் மனைவி, அண்ணன், மகள், யாராகவும் இருக்கலாம். வார்டுக்குள் எல்லார் முன்னாலும் கேட்கத் தயங்கிய கேள்வியை வராந்தாவில் கேட்பார். "கால் பழையபடி வந்துருமா டாக்டர்?" நின்றபடியே சொல்லும் இரண்டு வரி பதில் அவருக்குப் போதாது என்று எனக்கும் தெரியும். அந்தப் பதில்களைத்தான் இங்கே விரித்து எழுதியிருக்கிறேன். உங்களுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்வது இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் அவர்.

கை உடைந்தால் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தொடை எலும்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்?

உடம்பிலேயே நீளமான, வலுவான எலும்பு அதுதான். நம் உயரத்தில் ஏறக்குறைய கால் பங்கு அதன் நீளம். இளவயதுக்காரருக்கு அது உடைய வேண்டுமானால் பெரிய அடி விழுந்திருக்க வேண்டும்: பைக் மோதியது, பனையிலிருந்து விழுந்தது, கட்டட வேலையில் சாரம் சரிந்தது. அவ்வளவு பெரிய அடி தொடையோடு நின்றிருக்காது. அதனால்தான் தலை, நெஞ்சு, வயிறு, இடுப்பு என்று எல்லாவற்றையும் பார்க்கிறோம். எலும்பின் நடுவில் உடைந்தவருக்கு அதே எலும்பின் கழுத்துப் பகுதியில், அதாவது இடுப்பு மூட்டை ஒட்டிய இடத்தில், இன்னொரு மெல்லிய விரிசல் இருந்து கண்ணில் படாமல் போவதுண்டு. "இடுப்புக்கு எதற்கு எக்ஸ்ரே, அடிபட்டது தொடையில்தானே" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொன்று ரத்தம். தோல் கிழியாமல், வெளியே ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், தொடைக்குள்ளேயே 1 முதல் 1.5 லிட்டர் வரை ரத்தம் தேங்கிவிடும். பெரியவர் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான்.

விபத்து நடந்த இடத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

108-ஐக் கூப்பிடுங்கள். ஆட்டோவில் மடக்கி உட்கார வைக்காதீர்கள். உடைந்த காலை நல்ல காலோடு சேர்த்து, நடுவில் ஒரு துண்டை மடித்து வைத்து, முறிந்த இடத்துக்கு மேலும் கீழும் கட்டினாலே பாதி வலி அடங்கும். எலும்பு ஆடினால் ரத்தம் போகும், ஆடாவிட்டால் குறையும். முதல் உலகப் போரின்போது தொடையில் குண்டு பட்டு எலும்பு முறிந்தவர்களில் பெரும்பாலானோர் இறந்துபோனார்கள். தாமஸ் ஸ்பிளின்ட் என்ற எளிய இரும்புச் சட்டத்தில் காலை நீட்டிக் கட்டி அனுப்பத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சாவு வெகுவாகக் குறைந்தது. இன்றும் பல அரசு மருத்துவமனைகளில் அதே சட்டத்தைப் பார்க்கலாம்.

சோடா, தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வந்தால் குடித்தது நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்து உண்டு.

தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில், காயம்பட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அதற்குப் பிறகு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை கைகொடுக்கும். ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துவர ஒருவரை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் பதிவு செய்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பின்னால் இழப்பீட்டு வழக்குக்கு அந்தக் காகிதம் வேண்டும்.

புத்தூர் கட்டுப் போட்டால் ஆபரேஷன் இல்லாமலே சரியாகிவிடும் என்கிறார்களே?

இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிப்பதில்லை. ஆந்திராவின் புத்தூரில் கட்டுப் போட்டுக் குணமானவர் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் ஒருவராவது இருப்பார். அவர் சொல்வது பொய்யில்லை. எலும்புக்குத் தானாகக் கூடும் குணம் உண்டு. அதிகம் விலகாத மணிக்கட்டு எலும்பையோ விரலையோ ஆடாமல் பிடித்து வைத்தால் கூடிவிடும்.

தொடையின் கணக்கு வேறு. அதைச் சுற்றியிருப்பது உடம்பின் பெரிய தசைகள். எலும்பு உடைந்த நொடியில் அவை சுருங்கி இழுக்கின்றன. மேல்துண்டு முன்பக்கமும் வெளிப்பக்கமும் தூக்கிக்கொள்ளும், கீழ்த்துண்டு மேலே ஏறிவிடும். மூங்கில் பத்தையோ மாவுக்கட்டோ அவ்வளவு சதைக்கு வெளியே நின்றுகொண்டு அந்த இழுப்பை எதிர்க்க முடியாது. எலும்பு கூடும், ஆனால் 3, 4 சென்டிமீட்டர் குட்டையாக, வளைந்து, பாதம் வெளியே திரும்பிக் கூடும். அப்படிக் கூடிய காலைப் பிறகு மறுபடி உடைத்து நேராக்குவது முதல் ஆபரேஷனைவிடப் பல மடங்கு கடினம். கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்று காலையே எடுக்க வேண்டி வந்தவர்களும் உண்டு. கட்டுப் போட்ட பிறகு விரல்கள் சில்லிட்டு, நீலம் பாரித்து, மரத்துப்போனால் அந்த நிமிடமே கட்டை வெட்டிவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஆபரேஷன் இல்லாத ஆங்கில வைத்தியமும் உண்டு. முழங்காலுக்குக் கீழே ஒரு கம்பியைச் செருகி, கட்டில் முனையில் எடையைத் தொங்கவிட்டு இழுத்து வைப்பது. அந்தக் காலத்தில் அதுதான் வழி. 2, 3 மாதம் மல்லாந்தே கிடக்க வேண்டும். படுக்கைப் புண், நெஞ்சுச் சளி, இறுகிப்போன முட்டி என்று பலதும் சேர்ந்துகொள்ளும். இன்று ஆபரேஷன் வரைக்குமான சில நாட்களுக்குத்தான் பெரியவர்களுக்கு அதைப் போடுகிறோம்.

ஆபரேஷனில் உண்மையில் என்ன நடக்கிறது? தொடையை முழுக்கக் கிழிப்பார்களா?

நடு எலும்பு முறிவென்றால் பெரும்பாலும் கிழிப்பதில்லை. தொடை எலும்பு உள்ளே மூங்கில் போலக் குழலாக இருக்கும், அதற்குள் மஜ்ஜை. அந்தக் குழலுக்குள் நீளமான உலோகக் கம்பி ஒன்றைச் செலுத்துகிறோம். நீங்கள் ராடு என்பீர்கள், நாங்கள் நெயில் என்போம்.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே இயந்திரம் வளைந்த கைபோல மேசையைச் சுற்றி நிற்கும். காலை இழுத்து, திரையில் பார்த்தபடியே உடைந்த இரண்டு முனைகளையும் எதிரெதிரே கொண்டுவருவோம். பிறகு இடுப்புப் பக்கம் சிறிய ஒரு வெட்டு. சிலருக்கு முழங்கால் வழியாகவும் போவதுண்டு. அதன் வழியே முதலில் மெல்லிய வழிகாட்டிக் கம்பி ஒன்று இறங்கும். அது முறிந்த இடத்தைத் தாண்டி அடுத்த துண்டின் குழலுக்குள் வழுக்கி இறங்கும் நொடியைக் கை உணரும். அறையில் எல்லாரும் அப்போதுதான் மூச்சுவிடுவோம். அப்புறம் குழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைந்து அகலப்படுத்தி, அளவுக்கேற்ற ராடை இறக்குவோம். கடைசியாக மேலேயும் கீழேயும் குறுக்கே ஸ்குரூ. கால் குட்டையாகாமலும் திரும்பாமலும் பிடித்துக்கொள்வது அந்த ஸ்குரூக்கள்தான். முழங்காலை ஒட்டிய முறிவு, மூட்டுக்குள் போன முறிவு என்றால் பிளேட்டும் ஸ்குரூவும் வைப்போம். அதற்கு வெட்டு சற்றுப் பெரிது.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் விஷயம் வேறு. ஆன்டிபயாட்டிக் ஊசியும் டெட்டனஸ் ஊசியும் உடனே போட வேண்டும், காயத்தைக் கழுவ வேண்டும். காயம் மோசமாக இருந்தாலோ நோயாளியின் நிலை மோசமாக இருந்தாலோ வெளியிலேயே கம்பிச் சட்டம் பொருத்திவிட்டு, ராடு வைப்பதைத் தள்ளிப்போடுவோம். வெளியே கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது தற்காலிகம்தான்.

இந்த ராடு முறை புதிதா?

இல்லை. ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற மருத்துவர் 1939-இல் முதன்முதலாகச் செய்தார். மஜ்ஜைக்குள் உலோகத்தைத் திணிப்பதா என்று கூட இருந்த மருத்துவர்களே எதிர்த்தார்கள். போர்க் கைதிகளாக இருந்து நாடு திரும்பிய அமெரிக்க வீரர்களின் எக்ஸ்ரேயில் தொடைக்குள் நீளமான கம்பியைப் பார்த்துத்தான் அங்குள்ள மருத்துவர்கள் இதைத் தெரிந்துகொண்டார்கள். குறுக்கே ஸ்குரூ போட்டுப் பூட்டும் முறை பிறகு வந்தது.

டைட்டானியமா, ஸ்டீலா? எது நல்லது?

இரண்டிலும் எலும்பு கூடும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் டைட்டானியத்தில் படம் கொஞ்சம் தெளிவாக வரும். இதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

2 நாள் ஆகியும் ஆபரேஷன் செய்யவில்லை. எங்களைக் கவனிக்கவில்லையா?

பொதுவாக 24 மணி நேரத்துக்குள் செய்வது நல்லது. ஆனால் தலையிலோ நெஞ்சிலோ அடி இருந்தால், ரத்தம் குறைவாக இருந்தால், உடம்பைத் தேற்றிவிட்டுத்தான் மேசையில் ஏற்ற முடியும். தாமதம் ஏன் என்று நேரடியாகக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

இந்த நாட்களில் ஒன்றைக் கவனியுங்கள். உடைந்து 1 முதல் 3 நாட்களுக்குள் சிலருக்கு மஜ்ஜையிலிருக்கும் கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் தாக்கும். மூச்சு வாங்கும், பேச்சு தடுமாறும், ஆளே குழம்பிப்போவார், நெஞ்சிலும் அக்குளிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் வரலாம். "ராத்திரி முழுக்க உளறிக்கிட்டே இருந்தார், வலியில பேசுறார்னு விட்டுட்டோம்" என்று காலையில் சொல்லாதீர்கள். அந்த ராத்திரியே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

பாட்டி பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்துவிட்டது. 78 வயது. ஆபரேஷன் தாங்குமா?

"இடுப்பு உடைந்தது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனைதான். பாதம் வெளிப்பக்கம் சரிந்து, கால் குட்டையாகத் தெரிந்தால் எக்ஸ்ரேக்கு முன்பே ஏறக்குறைய புரிந்துவிடும். எலும்புத் தேய்மானத்தால் எலும்பு முன்பே மெலிந்திருக்கும், சாதாரணமாக விழுந்தாலே போதும்.

"இந்த வயதில் எதற்கு, படுத்தபடியே பார்த்துக்கொள்கிறோம்" என்று பிள்ளைகள் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் முதியவரைக் கொல்வது பெரும்பாலும் ஆபரேஷன் அல்ல, படுக்கை. மல்லாந்து கிடந்தால் சளி கட்டி நிமோனியா வரும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். ஒவ்வொரு முறை பெட்பேன் வைக்கும்போதும் உயிர் போகும் வலி. ஆபரேஷனில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. ஆனால் செய்யாமல் விடுவதன் ஆபத்து அதைவிடப் பெரிது. அதனால் இவர்களுக்கு 36 முதல் 48 மணி நேரத்துக்குள் செய்துவிடப் பார்க்கிறோம்.

என்ன ஆபரேஷன் என்பது உடைந்த இடத்தைப் பொறுத்தது. தொடை எலும்பின் மேல்முனை பந்துபோல இடுப்பு மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தப் பந்துக்குக் கீழே கழுத்தில் உடைந்து விலகியிருந்தால், பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அறுந்திருக்கும். ஸ்குரூ போட்டாலும் பந்து செத்துப்போகலாம். அதனால் முதியவர்களுக்குப் பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்போம், பெரும்பாலும் மறுநாளே நிற்க வைத்துவிடலாம். இளையவர்களுக்கு அவர்களுடைய பந்தையே காப்பாற்றப் பார்ப்போம், ஸ்குரூதான் போடுவோம். கழுத்துக்குக் கீழே உடைந்திருந்தால் அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும். குட்டை ராடோ, பிளேட்டோடு பெரிய ஸ்குரூவோ போதும்.

பந்து மாற்றியவர் சம்மணம் போடக் கூடாது, குத்தவைத்து உட்காரக் கூடாது, காலின் மேல் கால் போடக் கூடாது. டிஸ்சார்ஜுக்கு முன்பே வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்டோ நடுவில் ஓட்டை உள்ள நாற்காலியோ தயாராக இருக்கட்டும். இன்னொரு முறை விழாமல் இருக்க பாத்ரூமில் கைப்பிடிக் கம்பியும் ராத்திரி எரியும் சின்ன பல்பும் போடுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்து தொடங்கச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் இது விட்டுப்போகிறது. அந்த மாத்திரைகளில் ஒரு வகையைப் பல வருடமாகச் சாப்பிடுபவருக்குத் தொடையில் காரணமில்லாத வலி வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அபூர்வமாக, அதுவே ஒரு முறிவின் முன்னறிவிப்பாக இருக்கும்.

எலும்பு எப்படிக் கூடுகிறது? ராடு ஒட்டவைக்கிறதா?

ராடு எதையும் ஒட்டவைப்பதில்லை. துண்டுகளை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். கூடுவது உடம்பின் வேலை.

உடைந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டும். அந்தக் கட்டிக்குள் புது ரத்தக் குழாய்கள் முளைக்கும். 2, 3 வாரத்தில் அது ரப்பர் போன்ற குருத்தெலும்பாகும். 6 வாரம் வாக்கில் எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றிப் பனி படர்ந்ததுபோல ஒரு மங்கலான வெண்மை தெரியும். நீங்கள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "இன்னும் கோடு தெரியுதே" என்று கவலைப்படும்போது நான் பார்ப்பது அந்தப் பனியைத்தான். அது கெட்டியாகி, இரண்டு எக்ஸ்ரேக்களில் தெரியும் நான்கு ஓரங்களில் மூன்றிலாவது பாலம் போட்டுவிட்டால் எலும்பு கூடிவிட்டது என்போம். அதற்கு 3 முதல் 6 மாதம் ஆகும். கோடு முழுதாக மறைய அதற்கு மேலும் ஆகும். புடைத்து நிற்கும் எலும்பை உடம்பு செதுக்கிச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வருடக்கணக்காகும்.

எப்போது காலை ஊன்றலாம்?

நடு எலும்பில் ராடு வைத்தவர்களில் பலர் சில நாட்களிலேயே வாக்கர் பிடித்து, வலி தாங்கும் அளவுக்கு ஊன்றி நடக்கலாம். பயந்துகொண்டு காலைத் தூக்கியே வைத்திருப்பவர்கள்தான் அதிகம். ஊன்றும்போது விழும் அளவான அழுத்தம் எலும்பு கூட உதவும். ஆனால் முழங்கால் மூட்டுக்குள் முறிவு, பிளேட், நொறுங்கிய எலும்பு என்றால் 6 முதல் 12 வாரம் வரை காத்திருக்க வேண்டி வரலாம். டிஸ்சார்ஜ் ஆகும்போது "முழு எடை போடலாமா, பாதியா, கூடவே கூடாதா" என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்குங்கள். வாக்கர் முதலில், அப்புறம் அடிபட்ட கால், கடைசியாக நல்ல கால். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில்.

பைக் ஓட்டுவது எலும்பு கூடிய பிறகுதான். திடீர் பிரேக்கில் முழு எடையையும் அந்தக் காலில் ஊன்ற முடிகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஆனால் முட்டி மடங்கவில்லை. ஏன்?

எனக்கு அதிக வருத்தம் தரும் கேள்வி இது, பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம் என்பதால். ஒரு தம்பி, லோடு வண்டி டிரைவர். எக்ஸ்ரேயில் எலும்பு அவ்வளவு அழகாகக் கூடியிருந்தது. ஆனால் 3 மாதம் முட்டிக்குக் கீழே தலையணை வைத்துக் காலை அசைக்காமல் படுத்திருந்தார். அம்மா பாசத்தில் வைத்த தலையணை. முட்டி 40 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை, கிளட்சை மிதிக்க முடியவில்லை. அதன்பின் பல மாதம் பிசியோவில் கழிந்தது.

முன்தொடைத் தசை முறிந்த எலும்போடு ஒட்டிக்கொள்வதால்தான் இது வருகிறது. முதல் சில வாரங்களில் அசைத்துக்கொண்டே இருந்தால் ஒட்டாது. டாக்டர் தடை சொல்லாவிட்டால் மறுநாளே தொடங்குங்கள். படுத்தபடி, குதிகால் மெத்தையைவிட்டு எழாமல், மெல்ல உங்கள் பக்கம் இழுங்கள். முட்டி மடங்கும். வலி வரும் இடத்தில் 5 எண்ணிவிட்டு நீட்டுங்கள். 10 முறை, ஒரு நாளைக்கு 4, 5 தடவை. குதிகாலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டால் நன்றாக வழுக்கும். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, நல்ல காலால் மெதுவாகப் பின்னால் தள்ளுங்கள். முட்டியை இறுக்கி நீட்டி, தொடைத் தசையைக் கெட்டியாக்குவதும் முக்கியம். 6 வாரத்தில் 90 டிகிரியாவது வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்காமல் வாருங்கள். எண்ணெய் போட்டு முரட்டுத்தனமாக யாரையும் மடக்க விடாதீர்கள்.

பருப்பும் முட்டையும் சாப்பிட்டால் தையல் சீழ் பிடிக்கும் என்கிறார்கள். என்ன கொடுக்கலாம்?

சீழ் பிடிப்பது கிருமியால், பருப்பால் அல்ல. இந்தப் பத்தியம் செய்யும் கெடுதலைக் கண்கூடாகப் பார்க்கிறேன். புண் ஆறப் புரதம் வேண்டிய நேரத்தில் நோயாளிக்கு ரசம் சாதமும் பிரெட்டும் கொடுக்கிறார்கள். முட்டை, பருப்பு, சுண்டல், மீன், கோழி, பால், தயிர் எல்லாம் கொடுங்கள். கால்சியத்துக்குக் கேழ்வரகு அருமையானது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தலையோடு முள்ளோடு மென்று சாப்பிடும் நெத்திலி, முருங்கைக் கீரை, எள் எல்லாம் நல்லது. ஆட்டுக்கால் சூப் பிடித்தால் குடிக்கட்டும், ஆனால் அதில் கால்சியம் அதிகமில்லை. அதை மட்டும் நம்ப வேண்டாம். பிரண்டைத் துவையலும் சாப்பிடலாம், மாத்திரைக்கு மாற்றாக வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பது எல்லாவற்றையும்விட முக்கியம்.

பீடி, சிகரெட், புகையிலை மூன்றையும் எலும்பு கூடும் வரையாவது நிறுத்த வேண்டும். நிகோட்டின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அந்தக் குழாய்கள் வழியாகத்தான் எலும்புக்குச் சாப்பாடே போகிறது. மெடிக்கலில் தானாக வலி மாத்திரை வாங்கி வாரக்கணக்கில் போடுவதும் வேண்டாம்.

என் மகனுக்கு 4 வயது. ராடு வைப்பார்களா?

தேவைப்படாது. 5 வயதுக்குள் என்றால் பெரும்பாலும் இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போட்டாலே 4 முதல் 8 வாரத்தில் கூடிவிடும். அந்த வயதில் எலும்பு கூடும் வேகம் நமக்கே ஆச்சரியமாக இருக்கும். சற்றுக் குட்டையாகக் கூடினாலும் வளர்ச்சி ஈடுகட்டிவிடும். அதற்கு மேல் சுமார் 11 வயது வரை, வளையும் மெல்லிய டைட்டானியக் கம்பிகள் இரண்டு வைத்து, கூடிய பிறகு எடுத்துவிடுவோம். நடக்கவே தொடங்காத குழந்தைக்குத் தொடை எலும்பு உடைந்திருந்தால் எப்படி அடிபட்டது என்று திரும்பத் திரும்பக் கேட்போம். குழந்தையின் பாதுகாப்புக்காகக் கேட்கிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

6 மாதம் ஆகியும் கூடவில்லை என்கிறார்கள். இனி?

ராடு வைத்தவர்களில் நூற்றுக்கு 90-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கூடிவிடுகிறது. கூடாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒரு பக்க ஸ்குரூவை எடுத்து எலும்பு முனைகள் நெருங்க விடலாம். குழலை மறுபடி கடைந்து பருமனான ராடாக மாற்றலாம். இடுப்பு எலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைக்கலாம். அதற்கு முன், உள்ளே கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ரிவ்யூவுக்கு வராமல் நின்றுவிடாதீர்கள். கூடாத எலும்பைத் தாங்கித் தாங்கி ஒரு நாள் ராடே ஒடிந்துவிடும்.

எது நடந்தால் உடனே வர வேண்டும்?

தையலில் நீர் வடிந்தால், சிவந்து சூடாக இருந்தால், காய்ச்சல் அடித்தால். கெண்டைக்கால் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். திடீரென்று மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தால் ஒரு நிமிடமும் வீட்டில் வைத்திருக்காமல் 108.

ராடை எடுத்தே ஆக வேண்டுமா?

பெரியவர்களுக்கு வேண்டியதில்லை. உறுத்தல், வலி, தொற்று இல்லாவிட்டால் அது ஆயுளுக்கும் உள்ளேயே இருக்கலாம். எடுப்பதும் இன்னொரு ஆபரேஷன்தான். இடுப்புப் பக்கம் ஸ்குரூ துருத்திக்கொண்டு ஒருக்களித்துப் படுக்க முடியாதவர்கள், எடுத்தே தீர வேண்டும் என்று விரும்பும் இளைஞர்கள் ஒன்றரை முதல் 2 வருடம் கழித்து, எலும்பு முழுக்கக் கூடியதை எக்ஸ்ரேயில் உறுதிசெய்துகொண்டு எடுக்கலாம். எடுத்த பிறகு ஸ்குரூ இருந்த ஓட்டைகள் நிரம்ப நாளாகும். அன்றைக்கே நடக்கலாம், ஆனால் 2, 3 மாதத்துக்குக் கபடி, ஓட்டம், மூட்டை தூக்குவது வேண்டாம்.